மஞ்சள் பீற்றூட் சமைத்த ஞாயிறு

அன்று மேசையில் ஐந்து பேர் இருந்தோம். நான், என் மனைவி, அவளுடைய அண்ணன், எங்கள் மகள், நானா என்று நாங்கள் கூப்பிடும் கீழ்வீட்டு முஸ்லிம் பெரியவர். வேறு யாரும் இல்லை. ஒருகொடவத்தையில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் ஒரு கொண்டெய்னரின் முத்திரையை உடைக்கும்போது, பக்கத்தில் நின்றவர்கள் யார் யார் என்று முதலில் எழுத வேண்டும். பிறகுதான் உள்ளே இருப்பதை எண்ணலாம். பின்னால் ஏதாவது குறைந்தால் யாரைக் கேட்பது என்பதற்காக. இருபத்தேழு வருடம் அதையே செய்து பழகியதாலோ என்னவோ, அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைக்கும்போதும் நான் முதலில் ஆட்களைத்தான் எண்ணுகிறேன்.

தேவாலயப் பூசை முடிந்து வந்து பன்னிரண்டரைக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். நானா வருகிறார் என்றால் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் அன்று இறைச்சி இல்லை. எங்கள் சட்டிகளில் பன்றியும் வெந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும், ஒருநாளும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவருக்கென்று என் மனைவி ஒரு மண்சட்டியும் ஒரு பீங்கானும் தனியாக வைத்திருந்தாள். அந்த மண்சட்டியில்தான் மஞ்சள் பீற்றூட் பால்கறியாக வெந்திருந்தது. பச்சை மிளகாய், றம்பை இலை, கொஞ்சம் வெந்தயம், கடைசியில் தேங்காய்ப்பால். கூடவே பருப்பு, பப்படம், பீற்றூட் இலையை நறுக்கித் தேங்காய்ப்பூவோடு வதக்கிய ஒரு மல்லுங்.

“இதென்ன தம்பி, பூசணியா?” என்று நானா கேட்டார்.

“பீற்றூட் நானா. உங்கட மகன் அனுப்பின விதைதான்,” என்றேன்.

“மஞ்சளா ஈக்குதே. ருசி பீற்றூட்தான். கண்ணுதான் ஒத்துக்கொள்ளுதில்ல.”

“கண்ணை நம்பாதீங்க நானா,” என்றார் மச்சான். என் மனைவியின் அண்ணனை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். “இந்த வெளிநாட்டு விதை சரியான ஏமாத்து. மேலால மஞ்சளாப் போகுது, கீழால சிவப்பாத்தான் வருது.”

“மாமா, சாப்பிடேக்க,” என்று மகள் முகத்தைச் சுளித்தாள்.

“அஸ்தஃபிருல்லா. சோத்துக்கு முன்னால பேசுற பேச்சா இது,” என்று நானா சொன்னாலும் அவர் தோள் குலுங்கியது. என் மனைவியும் சிரித்தாள். மச்சான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த நக்கல் எனக்கானது என்று மேசையில் எல்லாருக்கும் தெரியும். அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

நான் சிரிக்கவில்லை. கடைசிச் சிவப்புப் பீற்றூட்டை நாங்கள் சாப்பிட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது.

மச்சான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கலியாணம் கட்டவில்லை. ஓய்வு பெற்ற பிறகு எங்களோடு வந்து இருந்தார். முன்னறையில் ஒரு கட்டில், ஒரு ரேடியோ, சுவரில் மாதாவின் படம், அவ்வளவுதான் அவருடைய சொத்து. சாமான் விலை தலைக்கு மேல் ஏறிய வருடத்தில், மரக்கறி வாங்கப் போய் வெறும் பையோடு திரும்பிய ஒரு நாளில், எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில் ஏதாவது நடலாம் என்று தொடங்கினார். மற்ற வீட்டுக்காரரும் மிளகாய், கத்தரி என்று வைத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்கள் விட்டுவிட்டார்கள். இவர் விடவில்லை.

கத்தரியும் தக்காளியும் உப்புக்காற்றில் கருகின. பீற்றூட் மட்டும் நின்றது. அதற்கு உப்புப் பிடிக்கும் என்பார் மச்சான். துறைமுகத்திலிருந்து வரும் காற்றைக் குடித்து வளரும் ஒரே மரக்கறி என்று நானாவிடம் பெருமை பேசுவார். வளர்ந்தது என்று சொன்னாலும், கொழும்பு வெக்கையில் கிழங்கு எவ்வளவுக்கு வரும்? எலுமிச்சம்பழம் அளவு. நல்ல மழைக்காலம் என்றால் கோழிமுட்டை அளவு. இலைதான் அள்ளி அள்ளிக் கொடுக்கும்.

உரப்பையில் தும்புத்தூளும் மாட்டெருவும் கலந்து நிரப்புவார். பீற்றூட் விதை என்று நாம் போடுவது உண்மையில் ஒரு விதை அல்ல. மூன்று நான்கு விதை ஒட்டிக்கொண்ட ஒரு சின்ன முடிச்சு. ஒன்று போட்டால் கூட்டமாக முளைக்கும். ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் கிழங்கு வைக்காது. மச்சானுக்கு அது முடியாது. முப்பது வருடம் பத்துத் தொன் பாரங்களைத் தலைக்கு மேல் தூக்கி இறக்கிய மனிதர், விரல் நீளக் கன்றைப் பிடுங்க என்னைக் கூப்பிடுவார். நான் பிடுங்கிக் கொடுப்பேன், அவர் அதைச் சுளகில் பரப்பிக் கழுவி மல்லுங்குக்கு அனுப்புவார்.

என் பங்குக்கு நான் கவலைப்பட்டேன். நனைந்த உரப்பை ஒன்று என்ன நிறை, நாற்பது பை என்றால் என்ன நிறை, இந்தப் பழைய கொங்கிறீட் சிலாப் தாங்குமா, கீழே படுத்திருக்கும் என் பிள்ளையின் தலையில் ஒருநாள் இறங்குமா என்று கொப்பியில் கணக்குப் போட்டு அவரிடம் காட்டினேன்.

“கிரேனில இருந்தவனுக்கு நிறை சொல்லித் தாறான்,” என்று அவர் அந்தத் தாளில் விதை மடித்து வைத்தார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உடம்புக்குள் என்ன எங்கே இருக்கிறது என்று யாரும் எனக்கு ஒழுங்காகச் சொல்லித் தந்ததில்லை. தெரியாத இடத்தையெல்லாம் பயம் வந்து நிரப்பிக்கொள்கிறது. காஸ் சிலிண்டரை மூன்று தரம் திருகிப் பார்ப்பேன். மகள் வெள்ளவத்தைக்கு டியூசனுக்குப் போனால் பஸ் வரும் நேரத்தைவிட அரை மணித்தியாலம் முன்னதாகவே சந்தியில் போய் நிற்பேன். வீட்டில் இதெல்லாம் பகிடி.

இப்போது அந்தப் பழைய கதை. முதல் வருட அறுவடையில் மச்சான் பச்சைப் பீற்றூட்டைத் துருவி, சின்ன வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் மாசிக்கருவாடும் போட்டு ஒரு சம்பல் செய்தார். அவ்வளவு நல்ல சம்பலை நான் சாப்பிட்டதில்லை. இரண்டு தரம் போட்டுக்கொண்டேன். அடுத்த நாள் காலை கழிப்பறையில் நின்றவன் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டேன். சிவப்பு. யாரிடமும் சொல்லாமல் முச்சக்கரவண்டி பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் மூன்று மணித்தியாலம் நின்றேன். அதற்குள் என் மகளின் கலியாணத்தை யார் நடத்துவார்கள் என்பதுவரை யோசித்து முடித்திருந்தேன். டொக்டர் ஒரு சின்னப் பொடியன். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். பேனையை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். “பய வென்ட எபா அங்கிள்” என்று தோளில் தட்டி அனுப்பினார். பயப்படவேண்டாமாம். பின்னால் நின்ற மனிசிக்கும் கேட்டிருக்கும், அவவும் சிரித்தா.

வீட்டில் வந்து சொன்னதுதான் பிழை. மச்சான் அதைக் கொட்டாஞ்சேனை முழுக்கக் கொண்டுபோனார். மரக்கறிக் கடையில் பீற்றூட்டைத் தூக்கிக் காட்டி, “எங்கட மச்சானுக்கு இதுதான் வருத்தம்,” என்பார். சந்தியில் சிவப்பு லைட் எரிந்தால், “நில்லு, டொக்டரிட்டக் காட்டிப்போட்டுப் போவம்,” என்பார். ஒரு வருடத்துக்கு மேல் ஓடிய பகிடி அது. நானும் சிரிக்கப் பழகிக்கொண்டேன்.

அடுத்த வருடம் நானாவின் மகன் லண்டனிலிருந்து விதை அனுப்பினான். மூன்று பொட்டலம், மேலே வழவழப்பான படம். ஒன்று மஞ்சள். ஒன்று உள்ளே வெள்ளையும் ரோசுமாக வட்டம் வட்டமாக இருப்பது, அதற்கு மச்சான் வைத்த பெயர் வளையக்காரன். மூன்றாவது கரட் போல நீளமாக வளரும் கடும் சிவப்பு. கார்த்திகைத் தொடக்கத்தில், பைகளைப் பிரித்து விதை போட்டோம். எல்லாவற்றிலும் சமமாகப் போடலாம் என்றேன். மச்சான் நாற்பது பையில் முப்பது பைக்குச் சிவப்பைப் போட்டார். நம்முடைய கடையில் வாங்கிய நாட்டுச் சிவப்பும் அந்த நீளனும். மஞ்சளுக்கும் வளையக்காரனுக்கும் ஐந்தைந்து பை.

“புதுசைக் கூடப் போட்டுப் பார்ப்பமே,” என்றேன்.

“சிவப்புத்தான் பீற்றூட். மற்றதெல்லாம் சும்மா படம்,” என்றார்.

மார்கழிக் கடைசியில் முதல் சிவப்பு வந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் பீற்றூட். கறி, சம்பல், அவித்துப் பிசைந்த பிட்டு, இலையில் மல்லுங். மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன சோற்றுப் பெட்டி சிவந்தே போயிற்று. வளையக்காரனை வெட்டினால் அவ்வளவு அழகு, வெந்தால் அழுக்குத் தண்ணீர் நிறம். அதை நாங்கள் பச்சையாகவே உப்புத் தொட்டுச் சாப்பிட்டு முடித்தோம். மஞ்சள் மட்டும் மெதுவாகக் கிழங்கு வைத்துக்கொண்டிருந்தது.

தை மாதத்தில் ஒரு காலை, மச்சானுக்குப் பிறகு நான் கழிப்பறைக்குப் போனேன். எங்கள் வீட்டில் ஒரே ஒரு கழிப்பறை. மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் வேகமாக ஏறாது, வாளியால்தான் ஊற்ற வேண்டும், அவர் அரைவாளிதான் ஊற்றுவார். ஓரத்தில் சிவப்பு நின்றது. குனிந்து பார்த்தேன். பிறகு நேற்றைய சம்பல் நினைவுக்கு வந்தது. அந்தப் பொடியன் டொக்டரின் கை என் தோளில் பட்டதும் நினைவுக்கு வந்தது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியே வந்தேன்.

அதன் பிறகு பல தரம் பார்த்தேன். பீற்றூட்டின் சிவப்பு ஊதா கலந்தது, தண்ணீரில் சீக்கிரம் கரையும். இது அப்படிக் கரையவில்லை என்று ஒரு மனம் சொல்லும். எட்டாம் வகுப்புக்காரன் நிறத்தை வைத்து வருத்தம் கண்டுபிடிக்கிறானாம் என்று மறு மனம் சொல்லும். வாழ்க்கை முழுக்க வேண்டாத எல்லாவற்றுக்கும் பயந்தவன், தை தொடங்கி மாசி முடியுமட்டும் அந்த ஏழு கிழமை மட்டும் பயத்தை அடக்கி வைத்தேன். சொன்னால் மச்சான் சிரிப்பார். மரக்கறிக் கடையில் இன்னொரு கதை கிடைக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். அவர் மெலிந்து கொண்டு வந்தார், இடுப்பில் சாரம் நிற்காமல் பெல்ட் போட்டார். மாடிப்படியில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார். அதையும் பார்த்தேன். இரத்தச்சோகைக்குப் பீற்றூட் நல்லது என்று என் மனைவி அவருக்கு இன்னும் ஒரு கரண்டி போட்டாள்.

மாசி முடியும்போது சிவப்பு முடிந்தது. முப்பது பையும் காலி. மச்சான் இரண்டு தரம் சந்தைக்குப் போய் சிவப்புப் பீற்றூட் வாங்கி வந்தார். மாடியில் மஞ்சள் நிற்கும்போது இவர் ஏன் காசு கொடுத்து வாங்குகிறார் என்று என் மனைவிக்குக் கோபம். பையைப் பிடுங்கி வைத்துவிட்டு, “இனி மஞ்சள்தான். அது முடியுமட்டும் இந்த வீட்டுக்குள்ள வேற பீற்றூட் வரக்கூடாது,” என்றாள். வாங்கியதையும் சமைத்து முடித்தோம். பிறகு பத்து நாள் மஞ்சள் மட்டும். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை.

அன்று நானா போன பிறகு பாத்திரம் கழுவும் இடத்தில் மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன். “அண்ணா சொன்னது பகிடி இல்லை போல கிடக்கு. பத்து நாளாச் சிவப்புச் சாப்பிடேல்லையே.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “உங்களுக்கு எதையாவது பிடிச்சுக்கொண்டு பயப்பிட வேணும். போன வருசம் ஆஸ்பத்திரியில பட்டது காணாதோ?”

“நானும் அந்த மஞ்சளைத்தானே சாப்பிடுறன். எனக்குச் சுத்தமாப் போகுது.”

“சீ, பேசாமப் போங்கோ.”

நானும் பேசாமல் போனேன். ஒரு நாள் இல்லை, ஒன்பது நாள். ஒவ்வொரு காலையும் எழும்பி, அவருக்கு முன்னால் ஒரு தரம், அவருக்குப் பின்னால் ஒரு தரம் போய்ப் பார்த்தேன். ஒரே சட்டியில் இருந்து ஒரே கறியைச் சாப்பிட்ட இரண்டு ஆண்கள். என்னுடையது ஒரு நிறம், அவருடையது ஒரு நிறம். ஒன்பதாம் நாள் மகளிடம் கேட்டேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவள்.

“மஞ்சள் பீற்றூட் சாப்பிட்டாச் சிவப்பாப் போகுமோ, பிள்ளை?”

“அந்தச் சிவப்புச் சாயம் மஞ்சள்ல இல்லை அப்பா,” என்றாள் கொப்பியைப் பார்த்தபடி. பிறகு நிமிர்ந்தாள். “ஏன்? ஆருக்கு?”

அவளுடைய முகம் மாறுவதைப் பார்த்தேன். “மாமா அண்டைக்குச் சொன்னவர்,” என்றாள்.

பின்னேரம் ஐந்து மணிக்கு மொட்டைமாடிக்குப் போனேன். மச்சான் கவிழ்த்த வாளி ஒன்றில் உட்கார்ந்து காய்ந்த இலை கிள்ளிக்கொண்டிருந்தார். துறைமுகத்தின் பக்கம் கிரேன்கள் வேலை செய்துகொண்டிருந்தன, அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“மச்சான், ஒரு கதை.”

“சொல்லு. சிலாப் விழப்போகுதோ?”

“இல்லை. நாங்கள் ரெண்டு பேரும் ஒரே சட்டிதானே சாப்பிடுறம். எனக்கு ஒண்டும் இல்லை. உங்களுக்கு மட்டும் போகுது.”

அவர் கிள்ளுவதை நிறுத்தவில்லை. “நீ உன்ரையையும் பார்க்கிறனியோ?”

“எப்பவும் பார்க்கிறனான்.”

“பார்ப்பாய்தான்,” என்றார். வழக்கமான சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

“எப்ப இருந்து மச்சான்?”

“ஐப்பசி.”

“ஐப்பசியில நாங்கள் விதையே போடேல்லையே.”

“ஓம்,” என்றார். “போட்டு, அது வளர்ந்து, சாப்பிடத் தொடங்கினாப் பிறகு எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்துது. எது எது எண்டு தெரியாதுதானே.”

முப்பது பை சிவப்பு ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் மனைவி மஞ்சளை வைத்துக்கொண்டு சிவப்பு வாங்குகிறார் என்று கோபப்பட்டபோது அவர் ஏன் ஒரு சொல்லும் சொல்லாமல் நின்றார் என்பதும். நான் பயப்படும்போது உலகத்துக்கே தெரியும்படி பயப்படுவேன். அவர் தன் பயத்தை முப்பது உரப்பைக்குள் போட்டு மண் மூடி வைத்திருந்தார்.

“பிறகேன் அண்டைக்கு மேசையில சொன்னீங்கள்?”

காய்ந்த இலைகளை எல்லாம் ஒரு கையில் சேர்த்துப் பிடித்தார். “ஆராவது கேட்பியள் எண்டு பார்த்தன்,” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒன்பது நாள் போயிருந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு நான்கு மாதம் தள்ளித் திகதி கிடைத்தது. அங்கேயும் கூட்டம், நான் குறை சொல்லவில்லை. காத்திருக்க முடியாது என்று வெளியே தனியாரிடம் போனோம். முதல் நாள் ஒரு தாதி தமிழில் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்து, வாசித்தும் காட்டினா. சோதனைக்கு முன் மூன்று நாளைக்கு விதையுள்ள பழம் கூடாது, கீரை கூடாது, சிவப்பு நிறச் சாப்பாடு கூடாது, முக்கியமாகப் பீற்றூட் கூடாது.

“பீற்றூட் கூடாதாம்,” என்றார் மச்சான் என்னிடம். அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியாமல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தாதியும் என்னவென்று விளங்காமல் சேர்ந்து சிரித்தா. நான் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் பட்டது.

குடலில் புற்றுநோய் என்று சோதனையில் தெரிந்தது. ஸ்கேன் எடுத்ததில் ஈரலுக்கும் போயிருந்தது தெரிந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் குடலை வெட்டி, மலம் போக வயிற்றில் பை வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், அதற்கெல்லாம் ஒரு சதமும் கேட்கவில்லை. டொக்டரிடம் தனியாக நின்று, மூன்று மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். அப்படி யோசிக்க வேண்டாம் என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை, அதைக் கவனித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மச்சான் மொட்டைமாடிக்கு ஏறவில்லை. மாடியில் இருந்த கடைசி மஞ்சள் கிழங்குகளை நான் பிடுங்கி வந்து அவித்து, தோல் உரித்து, மசித்துக் கொடுத்தேன். இரண்டு கரண்டி சாப்பிடுவார். நானா தினமும் பின்னேரம் வந்து கட்டில் பக்கத்தில் உட்காருவார். இரண்டு பேரும் பழைய துறைமுகக் கதைகள் கதைப்பார்கள். நான் அறை வாசலில் நிற்பேன். என்னைக் கண்டால் மச்சான், “டேய், வந்து பார். இன்னும் மூச்சு வருதோ எண்டு பார்,” என்பார். நான் உண்மையிலேயே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில், எங்கள் கோயிலில் மரித்த ஆன்மாக்களுக்காகச் செபிக்கும் மாதத்தில், ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, என் மனைவியிடம் சொன்னேன். தை மாதத்திலேயே கண்டதை, கரையாத சிவப்பை, ஏழு கிழமை வாளியால் தண்ணீர் ஊற்றி ஊற்றி வந்ததை. சொல்லி முடிக்க நிறைய நேரம் எடுத்தது. அவள் மேசையில் சிந்தியிருந்த கேக் தூளை விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“அந்தக் கக்கூசைக் கழுவுறது ஆர்?” என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“நான்தானே. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. எனக்குத் தெரியாமலோ?” அவளுடைய குரல் உயரவில்லை. “பீற்றூட் எண்டு நினைச்சன். நினைக்கத்தான் வேணும் எண்டு நினைச்சன். அண்டைக்கு நீங்கள் வந்து சொல்லேக்க, நான் மூடி வைச்சதைத் திறக்கிறீங்கள் எண்டு உங்களில எனக்கு வந்த கோபம், அண்ணாவைப் பெத்த அம்மாவுக்கும் வந்திராது.”

பிறகு மகளும் எங்களுக்குச் சொன்னாள், அவளும் ஒருதரம் கண்டதாக. அவள் மற்ற எல்லாரையும்விடக் கொஞ்சமாகக் கண்டிருக்கிறாள், ஆனால் அவளுக்குத்தான் பாடம் தெரியும், அதனால் அவள்தான் கூட அழுதாள். ஒரு கழிப்பறை உள்ள வீட்டில் மூன்று பேர் ஒன்றையே பார்த்துக்கொண்டு, ஆளுக்கு ஆள் சொல்லாமல், மேசையில் உட்கார்ந்து அவருக்கு இன்னும் ஒரு கரண்டி போட்டிருக்கிறோம்.

இப்போது உரப்பைகள் மாடியில் அப்படியே இருக்கின்றன. யாரும் விதை போடவில்லை, மழைக்கு ஏதோ புல் முளைத்திருக்கிறது. சிலாப்பின் நிறையைப் பற்றி நான் யோசிப்பதில்லை. பீற்றூட்டை நாங்கள் ஒதுக்கி வைக்கவில்லை. மலிவாக வந்தால் வாங்குகிறோம், கறி வைக்கிறோம், சாப்பிடுகிறோம். அடுத்த நாள் காலை மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை.

அந்தத் தனியார் சோதனைக்கும் ஸ்கேனுக்கும் என் மனைவியின் தாலிச் சங்கிலியைச் செட்டியார் தெருவில் அடகு வைத்திருந்தோம். மச்சானுக்குத் தெரிந்தால் சோதனைக்கே வரமாட்டார் என்று சீட்டுக்காசு என்று பொய் சொன்னோம். சம்பளம் எடுத்த மறுநாள் போய் வட்டியும் முதற்பணத்தில் கொஞ்சமும் கட்டி வருவேன். கண்டும் சொல்லாமல் இருந்த அந்தப் பாவத்தைப் பற்றி அவளும் நானும் பிறகு கதைத்ததில்லை. மாதத்தில் ஒருநாள், நான் சப்பாத்தைக் கழற்றும்போது, குசினியில் இருந்தபடி ஒன்று மட்டும் கேட்பாள்.

“இன்னும் எவ்வளவு கிடக்கு?”

இந்த மாதமும் கேட்டாள். தொண்ணூற்றாறாயிரத்து நானூறு ரூபா என்றேன்.